பழைய யன்னல் சீலையில் ஒரு சந்தைப் பை

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பைகள் இலவசமில்லை. அதனால் பழைய யன்னல் சீலையில் பை தைத்தேன். 5 கிலோ அரிசிக்கே கைபிடி பிய்ந்தது. ஒற்றைத் தையல் போட்டதே தவறு.

சரியான முறை இது: 45 சென்ரிமீற்றர் அகலமும் 100 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துணியை, நல்ல பக்கம் வெளியே தெரிய, நீளத்தில் பாதியாக மடியுங்கள். இரு பக்க ஓரங்களையும் அரை சென்ரிமீற்றர் விட்டுத் தையுங்கள். உட்புறம் வெளியே வரத் திருப்பி, 1 சென்ரிமீற்றர் விட்டு மீண்டும் தைத்தால் பிசிறு மறைந்துவிடும். வாயை 1 சென்ரிமீற்றரும், பின்னர் 3 சென்ரிமீற்றரும் மடித்துத் தையுங்கள்.

கைபிடிக்கு 10 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு பட்டிகளை நான்காக மடித்துத் தையுங்கள். நுனிகளை உள்ளே மடித்து, வாய் மடிப்பில் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறியும் போடுங்கள். பாரம் முழுவதும் அங்கேதான் விழும்.

இரண்டாவது பை அதே அரிசியைத் தாங்கியது.