மாட்டுங்காவின் கழிவுநீரும் கண்ணாடித் தொட்டியும்

மும்பையின் கிராஃபர்ட் மார்க்கெட்டில் தொட்டி, கூழாங்கல், மோட்டார், பிளாஸ்டிக் பையில் நாலு கோல்ட் ஃபிஷ் என்று எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். அன்று மாலையே மீன் தொட்டிக்குள் போய்விடுகிறது. சில நாளில் அது செத்து மிதந்தால் கடைக்காரர் நோய்மீனைத் தந்துவிட்டார் என்கிறோம், அல்லது நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை என்கிறோம். மீனுக்கு முன்பே தண்ணீரைச் சில வாரம் பழக்க வேண்டும் என்பதை மேல்நாட்டுப் பொழுதுபோக்காளர்களின் நுணுக்கமாகப் பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அந்த அறிவு மனிதருக்கு வயல்மண்ணிலிருந்தும் சாக்கடைநீரிலிருந்தும் கிடைத்தது. அந்த வரலாற்றில் மும்பையின் மாட்டுங்காவுக்கும் இடமுண்டு.

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல், செடியும் நத்தையும் சேர்ந்தால் தொட்டியில் மீன் வாழும் என்று கெமிக்கல் சொசைட்டிக்கு விளக்கினார். செடி ஆக்சிஜன் தருகிறது, அழுகும் இலையை நத்தை தின்கிறது என்பது அவர் கணக்கு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ன ஆகிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடைநீரை மெல்ல வடியவிட்டார்கள். முதல் 20 நாள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுவிட்டது. மண்ணைக் கழுவிய நீரைச் சேர்த்ததும் மறுபடி தொடங்கியது. ஆக, வேலை செய்வது உயிர். புதுத்தொட்டிக்காரர் அறிய வேண்டியது அனைத்தும் இந்த ஒரே சோதனையில் இருக்கிறது: காத்திருப்பு, கிருமிநாசினியின் கேடு, பழைய இடத்திலிருந்து எடுத்துவந்த விதை. வாரிங்டனின் மகன், அவர் பெயரும் ராபர்ட்தான், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வுநிலையத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். அம்மோனியாவை ஓர் உயிரி நைட்ரைட் ஆக்குகிறது, அதை இன்னொன்று நைட்ரேட் ஆக்குகிறது என்று காட்டினார். தந்தை தொட்டியில் விட்டுவைத்த கேள்விக்கு மகன் வயலில் விடை கண்டார் என்பது எனக்கு ஆய்வுலகின் மிக அழகான தொடர்ச்சிகளில் ஒன்று.

அந்த நுண்ணுயிரிகளை ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்த 1890ஆம் ஆண்டில்தான் மாட்டுங்காவில் அக்வொர்த் தொழுநோயாளர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே 1897இல் கழிவுத் தொட்டியிலிருந்து எழும் வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தினார்கள். காற்றுப் புகாத தொட்டி கழிவைக் கரைத்து அம்மோனியா நிறைந்த நீராக்குகிறது. அந்நீர் காற்றோட்டமுள்ள மண்ணில் பாயும்போது நைட்ரேட்டாகிப் பயிருக்கு உரமாகிறது.

சாக்கடைக்கும் அலங்கார மீனுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மாட்டுங்கா, செம்பூர் வீடுகளுக்குத் தொட்டி அந்த இல்லத்திலிருந்து வந்ததாக நான் சொல்லவில்லை. இரண்டிலும் நடக்கும் வேதியியல் ஒன்று. மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது. வடிகாலில்லாத தொட்டியில் மண்ணின் வேலையைக் கூழாங்கல்லும் ஃபில்டர் பஞ்சும்தான் செய்தாக வேண்டும்.

ஊர்க் கிணற்றில் யாரும் வாரக்கணக்கில் காத்திருந்து மீன் விடவில்லையே என்பது வலுவான கேள்வி. கிணறு ஏற்கெனவே பழகியது. அதன் சேறும் பாசி படிந்த கல்லும் இந்த உயிரிகளின் குடியிருப்பு, தண்ணீரோ ஏராளம், மீன் கொஞ்சம். கழுவித் துடைத்த கண்ணாடியில் இவற்றில் ஒன்றுமில்லை. தினமும் தண்ணீர் மாற்றினால் போதாதா? அம்மோனியா குறையும், உண்மைதான். ஆனால் நகராட்சிக் குழாய்நீரின் குளோரின், அந்தக் குளோரோஃபார்ம் செய்ததையே செய்யும்; நீக்காமல் ஊற்றினால் உயிரிகள் நிலைகொள்வதில்லை. மும்பையின் வெக்கையில் அம்மோனியாவின் நஞ்சு கூடும், உயிரிகளும் வேகமாகப் பெருகும். அதனால் இங்கே முறையாகக் காத்திருப்பவருக்கு லாபம் அதிகம், அவசரப்படுபவருக்கு நஷ்டமும் அதிகம்.

பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மோட்டாரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே சிட்டிகைத் தீவனம் போட்டு அழுகவிட வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கும், பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் முதல் ஓரிரு மீனை விடலாம். நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சுத் துண்டோ ஒரு பிடி கூழாங்கல்லோ கிடைத்தால் நாள் இன்னும் குறையும். கடைக்காரர்கள் மீன்பையோடு அந்த ஒரு பிடியையும் கொடுத்தனுப்பலாம். அவர்களிடம் அது எப்போதும் இருக்கிறது.