கவரில் வந்த நோட்டு

ஓட்டுக்காகக் கைமாறும் நோட்டுக்கு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே பாதைதான். எங்கோ ஒரு பெரிய கையிலிருந்து கட்சிக்காரர் வீட்டுக்கு வரும். கட்டுப் பிரிந்து ஒன்றியம், வட்டம், கிளை என்று இறங்கும். கடைசியில் வாக்காளர் பட்டியலோடு வருகிறவர், வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணிக் கவரை நீட்டுவார். ‘எங்க தெருவுக்கு இன்னும் வரலையே’ என்ற குரல் அடுத்த தெருவில் கேட்கும்.

2016-இல் தஞ்சாவூரில் இந்தப் பயணம் ஒரு தேர்தலையே நிறுத்தியது. மாநிலமெங்கும் மே 16-இல் வாக்குப்பதிவு. தஞ்சாவூருக்கும் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சிக்கும் மட்டும் மே 23 என்றார்கள், பிறகு ஜூன் 13 என்றார்கள். மே 28 அன்று தேர்தல் ஆணையம் இரண்டையும் ரத்து செய்தது. பணத்துக்காகச் சட்டமன்றத் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல்முறை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ பிரிவு இருக்கிறது. வாக்காளரையே விலைக்கு வாங்கினால் நிறுத்தத் தனிப் பிரிவு இல்லை. அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு தரும் பொது அதிகாரத்தைக் கொண்டே ஆணையம் அதைச் செய்தது. 58பி என்று புதுப் பிரிவு கேட்டது. மத்திய அரசு ஏற்கவில்லை.

மறு தேர்தல் நவம்பர் 19-இல். அதற்குப் பதினொரு நாள் முன்பு, நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. மே மாதம் கவரில் வந்த நோட்டு அதற்குள் மளிகைக்கடை, உரக்கடை என்று சுற்றி, யார் வாங்கியது யார் வாங்காதது என்று பிரிக்கவே முடியாதபடி கலந்துவிட்டிருக்கும். வயலில் சம்பா நிற்கிறது, உரத்துக்கும் கூலிக்கும் ரொக்கம் வேண்டும். நவம்பர் 14 அன்று மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கவரைத் தொடாத விவசாயியும் நெல் விற்ற சொந்த நோட்டோடு அலைந்தார். நோட்டு மாற்றுகிறவர் விரலிலும் வங்கிகள் அழியாத மை வைக்கத் தொடங்கியதால், வாக்குப்பதிவு மையோடு குழம்பக்கூடாது என்று ஆணையம் நிதியமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

இத்தனையிலும் நோட்டு புறப்பட்ட இடத்தை யாரும் தொடவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் மே மாதத்து வேட்பாளர்களையே மறுபடி நிறுத்தின. அன்று ஒரு சட்டமன்ற வேட்பாளர் 28 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம், இன்று 40 லட்சம். கட்சிக்கு அன்றும் இன்றும் உச்சவரம்பே இல்லை. பறக்கும் படை காரை மறித்துப் பெட்டியைத் திறக்கிறது. அந்தப் பெட்டியை நிரப்பியவருக்கு எந்தச் சாலை ஒப்பந்தம், எந்த மணல் குவாரி கிடைத்தது என்று கேட்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை. அந்தக் கேள்வியைச் சட்டமாக்க வேண்டும், கட்சிச் செலவுக்கும் வரம்பு கட்ட வேண்டும். 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று ரத்து தொடர்ந்தது. 58பி இன்னும் சட்டத்தில் ஏறவில்லை.