செய்நிரற் பகிர்வும் தனியுடைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆக்கவுரிமை என்பது என்றுமுள்ளதொன்றன்று. அச்சும் சந்தையும் தோற்றுவித்த கருத்து அது என்பதை இலக்கிய வரலாற்று மாணவர் அறிவர். வாய்மொழிப் பாடகர் முன்னோரின் தொடர்களை எடுத்தாண்டபோது எவரும் அதனைக் களவெனக் கருதவில்லை. இதே பிரச்சினை இன்று கணினித் துறையிலே கூர்மை பெற்றுள்ளது. கையடக்கத் தொலைபேசிச் செயலிகளை ஆக்குவோர் தம்முள் வழங்கிக்கொள்ளும் சிறு செய்நிரல் துண்டுகள் யாருடைய உடைமை? இவ்வினாவை வரலாற்று நிலைநின்று ஆராய்வதே நமது நோக்கமாகும்.

பகிர்வு இத்துறையிற் பிற்காலத்தே வந்து சேர்ந்ததன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி வேண்டப்பட்ட கணிப்புகள் துணைச் செய்நிரல்களாக எழுதப்பட்டுத் துளைக் கடதாசி நாடாக்களிற் சேமித்துவைக்கப்பட்டன. தேவைப்பட்டவர் நாடாவைப் பிரதிசெய்து தமது செய்நிரலுடன் இணைத்துக்கொண்டார். வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் 1951 இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் பிறரும் அறியச் செய்தது. 1955 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்தியோர் ‘ஷெயார்’ என்னும் அமைப்பை நிறுவிச் செய்நிரல்களைப் பரிமாறிக்கொண்டனர்.

இதனை வெறும் பெருந்தன்மையின் விளைவெனக் கொள்ளல் பொருந்தாது. அன்று பண்டமாக விளங்கியது இயந்திரமே. செய்நிரல் அதனுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. செய்நிரல்களுக்கும் சேவைகளுக்கும் தனிவிலை குறிக்கப்போவதாக 1969 இல் ஐ.பி.எம். அறிவித்ததுடன் நிலைமை மாறலாயிற்று. 1976 இல் பில் கேற்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம், விலைகொடாது பிரதிசெய்தலைக் களவென்றது. பொருளியல் உறவு மாறியபோது அறவியற் சொல்லும் மாறியது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1983 இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டம் இப்போக்குக்கு எதிரான குரலாகும்.

2008 இல் அப்பிளின் செயலிச் சந்தையும் முதலாவது அன்ட்ரொயிட் தொலைபேசியும் வெளிவந்தன. செய்நிரலாளர் வினவி விடைபெறும் ஸ்ராக் ஓவர்புளோ என்ற தளமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. அங்கு நிகழ்ந்த உழைப்பின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அன்ட்ரொயிட் செயலியொன்று முழுத்திரையில் இயங்கும்போது, விசைப்பலகை மேலெழுந்து, எழுதுமிடத்தை மறைத்துவிடும். இக்குறைபாடு 5497 என்னும் இலக்கத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்டிருந்தது. திரையிற் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை அளந்து, அதற்கேற்ப உள்ளடக்கத்தைச் சுருக்கும் மாற்றுவழியொன்றைச் செய்நிரலாளர் ஒருவர் எழுதி வழங்கினார். அத்துண்டு அவ்விலக்கத்தையே பெயராகத் தாங்கிச் செயலிக்குச் செயலி பரவியது. பெருநிறுவனத்தின் பொருளிலிருந்த குறையை நிறுவனத்துக்கு வெளியிலிருந்தோரின் ஊதியமற்ற உழைப்பு ஈடுசெய்தது.

இவ்வுழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது? 2021 இல் அத்தளம் 180 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. 2024 இல் அதன் உரிமையாளர் ஓப்பின் ஏ.ஐ. நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தனர். அதனை எதிர்த்துத் தம் விடைகளை அழிக்கவும் மாற்றவும் முற்பட்ட சிலரின் கணக்குகள் இடைநிறுத்தப்பட்டன. அவர்கள் விரும்பியே வழங்கினர் எனச் சிலர் வாதிடுவர். உண்மையே, ஆயின் சக செய்நிரலாளருக்கே அவர்கள் வழங்கினர், விடையளித்தவரின் பெயரைச் சுட்டவேண்டும் என்னும் நிபந்தனையுடனேயே அவை வழங்கப்பட்டன.

மூலதனம் தன்னுள் மோதும்போதோ சில வரிகளும் விலைமதிப்புப் பெறுகின்றன. அன்ட்ரொயிட் தொடர்பாக ஒரக்கிள் நிறுவனம் கூகிள்மீது 2010 இல் தொடுத்த வழக்கில், ஒன்பது வரிகளைக் கொண்ட துண்டொன்றும் சர்ச்சைக்குள்ளாயிற்று. எண்ணொன்று எல்லைக்குள் உள்ளதா எனச் சோதிக்கும் எளிய துண்டு அது. ஜாவாவின் ஏறத்தாழ 11,500 வரிகளைக் கூகிள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்த்தது. எனினும் அவ்வரிகள் பதிப்புரிமைக்கு உட்படுமா என்னும் அடிப்படை வினாவுக்கு அது விடையளிக்கவில்லை.

ஆக்கம் கூட்டானது, அபகரிப்புத் தனியானது. இம்முரண்பாட்டைப் பகிர்வு மனப்பான்மை மட்டும் தீர்த்துவிடாது. பகிரப்பட்டவை சேரும் களஞ்சியம் யார் கையில் உள்ளது என்பதே தீர்க்கமான வினா. எட்சாக்கின் நாடாக்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுவுடைமையாயிருந்தன. இன்றைய களஞ்சியம் சந்தையில் விலைபோகின்றது. அதனை ஆக்கியோர் அதன்மீது ஆட்சியுரிமையும் கோருதல் வரலாற்றின் நியாயமாகும்.