கல்லும் பலகையும்: கொரியத் தரையின் கதை

கொரியத் தொலைக்காட்சி நாடகங்கள் இப்போது நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. அவற்றில் வரும் மாந்தர் பனி கொட்டும் காலத்திலும் தரையில் அமர்ந்தே உண்கின்றனர்; தரையில் படுக்கை விரித்தே உறங்குகின்றனர். "அவர்களுக்குக் குளிராதா, ஆசிரியரே?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் கேட்கின்றனர். மின்விசிறி நின்றால் பாடமும் நின்றுவிடும் வகுப்பறையில், தரையைச் சூடாக்கும் கலையை விளக்குவது எளிதன்று. ஆயினும் அக்கேள்விக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

இப்பொருளைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் உரோமாபுரியிலிருந்தே தொடங்கும். நான் கொரியாவிலிருந்து தொடங்குகிறேன். உரோமரின் முறை அவர்தம் பேரரசோடு பெரிதும் மறைந்தது. கொரியரின் முறையோ இன்றும் உயிரோடிருக்கிறது.

அதன் பெயர் ஒண்டோல். 'வெப்பமான கல்' என்பது பொருள். பழைய கொரிய வீட்டில் சமையலறையின் தரை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக இருக்கும். அங்கே அடுப்பில் எரியும் தீ பானையைச் சூடாக்கும். அதே தீயின் அனலும் புகையும் அடுத்த அறையின் அடியில் அமைந்த வழிகளினூடே தவழ்ந்து சென்று, மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். அவ்வழிகளின்மேல் தட்டையான கற்களைப் பரப்பி, களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதத்தை ஒட்டுவர். கல் மெல்லச் சூடேறும். தீ அணைந்த பின்னரும் நெடுநேரம் வெப்பத்தைக் காத்து வைத்திருக்கும். அடுப்புக்கு அருகிலுள்ள பகுதியே மிகவும் சூடானது. 'அரேன்மோக்' எனப்படும் அவ்விடம் வீட்டின் மூத்தோருக்கும் விருந்தினருக்கும் உரியது. பல ஆண்டு வெப்பத்தால் அங்குள்ள காகிதம் கருகிப் பழுப்பேறியிருக்கும். கோகுரியோ மக்கள் குளிர்காலத்தில் நீண்ட குழிகள் அமைத்து, அடியில் தீயிட்டு வெப்பம் பெற்றதைச் சீனரின் பழைய தாங் வரலாறு குறிக்கிறது. அந்நூல் முடிவுற்ற ஆண்டு 945. ஒண்டோல் பண்பாட்டைத் தென்கொரிய அரசு 2018-இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இவ்வறையில் மரப்பலகை இல்லை என்பதைக் கவனியுங்கள். பலகைத் தரை அதே வீட்டில் வேறோர் இடத்தில் இருந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவேயுள்ள திறந்த கூடம் அது. நம் கம்பத்து வீடுகளைப் போலவே அதன் தரை நிலத்திலிருந்து உயர்ந்து, அடியில் காற்று உலவும்படி அமைந்திருக்கும். அதற்கு 'மாரு' என்று பெயர். குளிருக்குக் கல், கோடைக்குப் பலகை என்பதே ஏற்பாடு. பலகைகளை ஆணியால் இறுக்காமல், சட்டங்களில் வெட்டிய பள்ளங்களில் செருகி வைப்பர். மரம் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதை அத்தச்சர் நன்கறிந்திருந்தனர்.

மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு சட்டத்தில் சிக்கிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மரம் நாரின் குறுக்கே விரிகிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. கீழிருந்து வெப்பம் தாக்கினால் இடைவெளி விடும், வளையும், பிளக்கும். ஆகவே, தரையைச் சூடாக்கிய எவரும் மரத்தை ஒதுக்கியே வைத்தனர். உரோமர் செங்கல் தூண்களின்மேல் காரையும் வண்ணச் சில்லும் பதித்தனர். சப்பானில் ஒரு கொரிய அறையின் இதத்தை அனுபவித்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், 1937-இல் மேடிசன் நகரில் கட்டிய ஜேக்கப்ஸ் இல்லத்தில் கான்கிரீட்டுக்கு அடியில் வெப்பக் குழாய்களை ஓட்டினார். அங்கும் தரை வெறும் கான்கிரீட்டே.

கொரியாவில் மாற்றத்தைக் கொண்டு வந்தது அழகுணர்ச்சியன்று, சாவு. போருக்குப் பின் காடுகள் மொட்டையாகிவிட, விறகின் இடத்தைத் துளையிட்ட நிலக்கரி வில்லைகள் பிடித்தன. தரையில் சிறு வெடிப்பு இருந்தாலும் அதன்வழியே கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிர்காலந்தோறும் குடும்பங்கள் உறக்கத்திலேயே மடிந்தன. பழைய முறையைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இப்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது எனக்கு உடன்பாடன்று. இதற்குத் தீர்வாகத் தீ வீட்டின் அடியிலிருந்து வெளியேறிக் கொதிகலனுக்குள் சென்றது. சிமெந்துப் பூச்சுக்குள் புதைந்த குழாய்களில் வெந்நீர் ஓடத் தொடங்கியது. அடுக்குமாடி வீடுகள் பெருகியபோது இதுவே பொதுவழக்காயிற்று.

புகையின் அனலைப் போலன்றி, நீரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம். மரத்தின் பக்கமும் ஒரு மாற்றம் முன்னரே நிகழ்ந்திருந்தது. சுவீடனின் குஸ்தாப் கேர் 1941-இல் பல அடுக்குத் தரைப்பலகைக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அடுக்கின் நார் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் இருப்பதால், ஒன்றின் விரிவை மற்றொன்று தடுக்கிறது. கொரியர் மெல்லிய ஒட்டுப்பலகையின்மேல் மரத்தோல் பதித்து, சூடான தரையில் பசையால் ஒட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஒண்டோல் மாரு'. முன்பு தனித்தனி அறைகளில் வாழ்ந்த இரண்டு சொற்கள் இவ்வாறு ஒன்றாயின.

பழைய தரையின்மேல் புதுப்பலகை போடும்போது அந்தப் பழைய பகை மீண்டும் தலைதூக்கும். சிமெந்துத் தரையாயின் முதலில் பல நாள் சூடேற்றி உலர்த்த வேண்டும்; கார்பைடு முறையில் அளக்கும் ஈரம் 1.8 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது ஜெர்மானியர் கைக்கொள்ளும் அளவு. அவசரப்பட்டுப் பலகையை முதலில் ஒட்டிவிட்டால், தரைக்குள்ளிருக்கும் ஈரம் முழுதும் அதனுள் ஏறும். மேற்பரப்பு வெப்பம் 27 பாகையைக் கடவாதிருக்க வேண்டும் என்று பலகை செய்வோர் பலரும் விதிக்கின்றனர். மேலைநாட்டுப் பழைய வீடுகளிலோ அடித்தளமே மரம். கான்கிரீட்டில் பாயும் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மரத்தில் பாயும் ஆகையால், பழைய பலகைக்குக் கீழே குழாய் ஓட்டினால் இரண்டு போர்வைகளைக் கடந்தே சூடு மேலே வர வேண்டியிருக்கும். அதனால் பலர் பழைய பலகையின்மேல் பள்ளமிட்ட தட்டுகளைப் பரப்பி, குழாயையும் அலுமினியத் தகட்டையும் அவற்றில் பதித்து, அதற்கு மேலேயே புதுப்பலகையை இடுகின்றனர். குழாய் எங்கே ஓடுகிறது என்று குறித்து வைக்காதவரின் ஓர் ஆணி போதும், அத்தனையும் பாழாக.

வெந்நீர்க் குழாய் அறை முழுதும் சுற்றி வருவதால், இன்று கொரிய வீட்டுத் தரையில் எங்கும் ஏறத்தாழ ஒரே சூடுதான். கருகிய காகிதமும் இல்லை. மூத்தோருக்கென ஒதுக்கிய இடமும் இல்லை. அரேன்மோக் என்னும் சொல் மட்டும் இன்னும் வழங்குகிறது.