இரவுக்கு யார் சாட்சி?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு அரசு உதவித்தொகை கேட்கும் தாய் ஒரு நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். குழந்தை இரவில் எத்தனை முறை விழிக்கிறது, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் அருகில் இருக்க வேண்டும், ஊட்டிவிடவும் உடை மாற்றவும் எவ்வளவு நேரம் ஆகிறது என்றெல்லாம் அது கேட்கும். பெயர் குழந்தையுடையது. பதிவாவதோ பெரும்பாலும் தாயின் உழைப்பு. அந்த உழைப்பை அரசு எப்போது கண்டது? கண்ட பிறகும் எதைக் காண மறுத்தது?

1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையை அடித்தளமாகக் கொண்டே போருக்குப் பிந்தைய பிரிட்டனின் சமூகப் பாதுகாப்பு எழுந்தது. வேலை செய்து காப்பீட்டுச் சந்தா கட்டியவருக்கே அதில் முழு உரிமை. மணமான பெண் கணவனைச் சார்ந்தவள் என்று கணக்கிடப்பட்டாள். பிறவியிலேயே உடற்குறையோடு வாழும் குழந்தையும் சந்தா கட்டியதில்லை. வீட்டில் உழைக்கும் பெண்ணும் கட்டியதில்லை. இருவரும் கணக்கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

1965இல் மேகன் டு பாய்ஸன், பெரிட் மூர் என்ற இரு இல்லத்தரசிகள் 'டிஸேபிள்மென்ட் இன்கம் குரூப்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இருவரும் மாற்றுத்திறனாளிகள். எங்கே, எப்படி உடற்குறை ஏற்பட்டது என்று பாராமல், சந்தாக் கணக்கும் கேட்காமல் வருமானம் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. டு பாய்ஸன் 1969இல் சாலை விபத்தில் இறந்தார். ஆனால் கோரிக்கை நாடாளுமன்றம் வரை போயிருந்தது.

1971 இறுதியில் 'அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' வழங்கப்படலாயிற்று. சந்தா தேவையில்லை, வருமானச் சோதனையும் இல்லை. இரண்டு வயது முடிந்த குழந்தைகளும் இதைப் பெறலாம். ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பு தேவைதானே என்ற வாதத்திலிருந்து பிறந்தது அது. அதே வயதுக் குழந்தைக்கு வழக்கமாகத் தேவைப்படுவதைவிடக் கணிசமாக அதிகப் பராமரிப்பு தேவை என்று நிறுவ வேண்டும். 'சாதாரணத் தாய்மை' எங்கே முடிகிறது, 'கூடுதல் உழைப்பு' எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கும் அதிகாரம் அரசிடம் போனது. கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள உழைப்புக்கு விலையே இல்லை.

1976இல் பராமரிப்பவருக்கென்றே 'இன்வாலிட் கேர் அலவன்ஸ்' வந்தது. மாற்றுத்திறனாளியைக் கவனிக்க வேலையை இழந்தவருக்கு மாதச் சம்பளத்துக்கு ஈடாக ஒரு சிறு தொகை. வாரம் 35 மணி நேரமாவது கவனித்திருக்க வேண்டும். ஆண் கேட்கலாம், மணமாகாத பெண் கேட்கலாம். கணவனோடோ ஓர் ஆணோடு இணைந்தோ வாழும் பெண் கேட்க முடியாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அரசின் நியாயம். குழந்தையின் இரவுகளை எண்ணி எழுதி உதவித்தொகை வாங்கிக் கொடுத்த அதே தாய், அந்த இரவுகளில் விழித்திருந்தவளாகக் கணக்கில் வரவில்லை.

இதை உடைத்தவர் ஜாக்குலின் டிரேக். கடும் உடற்குறையுள்ள தன் தாயைக் கவனிக்க 1984இல் வேலையை விட்டவர், மணமானவர். சமூகப் பாதுகாப்பில் ஆண் பெண் சமத்துவம் கோரும் 1978ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணையைக் காட்டி வழக்காடினார். 1986 ஜூன் 24 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தோல்வி உறுதி என்று தெரிந்த பிரிட்டன் அரசு, தீர்ப்புக்கு முந்தைய நாளே மணமான பெண்களுக்கும் உரிமையை நீட்டிப்பதாக அறிவித்திருந்தது. தாய்க்காக ஒரு மகள் நடத்திய வழக்கு, குழந்தைகளைக் கவனித்த ஏராளமான தாய்மாருக்கும் கதவைத் திறந்தது.

1992இல் 'டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ்' வந்தது. அதற்கு முன் மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவதே வழக்கம். இப்போது விண்ணப்பதாரர் தன் நிலையைத் தானே எழுதும் முறை முன்னுக்கு வந்தது. இது இருமுனைக் கத்தி. தாயின் சொல் சாட்சியமானது, அது வெற்றி. ஆனால் மகன் நேற்று முதன்முதலாகச் சொன்ன வார்த்தையை ஒதுக்கிவிட்டு, அவனால் இயலாதவற்றை மட்டும் பக்கம் பக்கமாக எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. அந்த வேலைக்கும் கூலி இல்லை.

பராமரிப்பவருக்கான தொகை 2003இல் 'கேரர்ஸ் அலவன்ஸ்' என்று பெயர் மாறியது. 35 மணி நேரம் கவனித்தாலும் 100 மணி நேரம் கவனித்தாலும் ஒரே தொகை. இரண்டு குழந்தைகளைக் கவனித்தாலும் ஒன்றுதான். வாரம் 21 மணி நேரமோ அதற்கு மேலோ படித்தால் அதுவும் கிடையாது. பராமரிக்கும் பெண்ணுக்குப் படிக்கும் ஆசை இருக்கலாம் என்பதை விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

உதவித்தொகையைக் கருணை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்த வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஒவ்வொரு விதியும் பெண்ணின் எந்த உழைப்பு உழைப்பு, எது வெறும் அன்பு என்பதைத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை மாற்றியவர்கள் பெண்களே.