மைக் செட் ஒயர்

ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக ஒரு சாமான் இருப்பதே எங்க ஊருக்கு ரொம்ப நாள் தெரியாது. மாரியம்மன் நோம்பியோ, காதுகுத்தோ, மைக் செட்காரர் தோளில் மாட்டிக்கொண்டு வரும் சுருள் அத்தனையும் எலக்ட்ரிக் கடையில் வாங்கிய வீட்டு ஒயர்தான். சிவப்பும் கருப்பும் முறுக்கின ரெட்டை ஒயர். கடையில் "இருபத்திமூணு எழுபத்தாறு", "நாப்பது எழுபத்தாறு" என்று கேட்டு வாங்குவார்கள். 23/76 என்றால் உள்ளே 23 செம்பு இழை. ஒவ்வொரு இழையும் அங்குலத்தைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் 76 பங்கு கனம். இன்றைய கணக்கில் முக்கால் சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 40/76 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மில்லிமீட்டர் வந்து எத்தனையோ வருசமாச்சு, வயசான எலக்ட்ரீசியன்கள் வாயில் இன்னமும் பழைய பேர்தான் வருது.

ஆம்ப்ளிஃபயர் கோயில் பக்கத்துக் கொட்டாய்க்குள்ளே இருக்கும். கொழாய் ஒன்று தென்னை மரத்து உச்சியில், இன்னொன்று ஊர்க்கோடிப் புளியமரத்தில். நடுவே வேப்பமரம், ஓட்டு வீட்டு முகடு, மூங்கில் கழி என்று தாவித் தாவி ஒயர் போகும். நோம்பி முடிஞ்சு சுத்தி எடுக்கும்போது பத்தடி குறைஞ்சாலும் மனுசனுக்குச் சோறு இறங்காது. அவரோட முதலே அந்தச் செம்புதான்.

அவ்வளவு மெல்லிசு ஒயரில் அத்தனை தூரம் சத்தம் எப்படிப் போச்சு? டவுன் நண்பர்கள் இதைத்தான் நம்ப மாட்டேங்கிறாங்க. சூட்சுமம் 100 வோல்ட் லைனில் இருக்கு. கரண்டை வெகுதூரம் அனுப்பணும்னா வோல்டேஜை ஏத்தி அனுப்பறதுதான் மின்வாரியத்தோட வழி. மைக் செட்டிலும் அதே வேலை. கொழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்து அதை மறுபடி இறக்கிக் கொடுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க: 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 100 மீட்டர் இழுத்தால், போக வர மின்தடை சுமார் 3.4 ஓம். அதில் 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால் பத்தில் மூணு பங்கு சக்தி ஒயரிலேயே சூடாகிப் போயிடும். 100 வோல்ட் லைனில் 20 வாட் கொழாய் 500 ஓம் மாதிரி நடந்துக்கும். ஒயரில் போறது நூத்துல ஒண்ணு கூட இல்லை.

அமெரிக்காவிலும் ரொம்ப காலம் இதே கதைதான். அங்கே மேஜை விளக்குக்குப் போடுற ரெட்டை ஒயரைத்தான் ஸ்பீக்கருக்கும் மாட்டினார்கள். 1970-களின் கடைசியில் நோயல் லீ என்ற எஞ்சினியர் கனமான ஒயரைத் தனியாக விற்க ஆரம்பித்தார். அதுதான் மான்ஸ்டர் கேபிள். அதுக்குப் பிறகுதான் ஒயருக்கு மவுசும் விலையும் ஏறியது. 1983-ல் ஸ்டீரியோ ரிவ்யூ என்ற பத்திரிகை, எந்த ஒயர் ஓடுதுன்னு சொல்லாமல் ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னது. பாட்டு ஓடும்போது அந்தக் கனமான கேபிளையும் 16 கேஜ் விளக்கு ஒயரையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மெல்லிசான 24 கேஜ் மட்டும் மாட்டிக்கொண்டது. லீயை மோசக்காரர்னு சொல்ல மாட்டேன். நீளம் கூடினால் கனமும் கூடணும், அது நியாயம். அதுக்கு மேலே கேட்கிற காசுதான் எனக்குப் புரியாத விசயம்.

பெங்களூரில் இருக்கும் தங்கச்சி மகனுக்கு இதையேதான் போனில் சொன்னேன். "மாப்ளே, 10 மீட்டர்தானே? ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்கு. தடை 0.34 ஓம்தான். 8 ஓம் பாக்ஸுக்கு அது தாராளம். 4 ஓம்னா ஒண்ணரையோ ரெண்டரையோ போடு."

எங்க ஊரில் இப்போ கூம்புக் கொழாய்க்கு அனுமதி கிடைக்கிறதில்லை. பாக்ஸ் வந்தாச்சு. அதில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, அதனால் ஆம்ப்ளிஃபயர் பாக்ஸ் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துக்கிச்சு. மரத்துக்கு மரம் ஒயர் இழுக்கிற வேலையே போச்சு.

வீட்டு ஒயரை மாட்டுறவங்க ஒண்ணு கவனிக்கணும். பழைய செட்களில் ஸ்பீக்கர் ஒயர் முனையிலும் டூ பின் பிளக்தான் இருக்கும். கல்யாண அவசரத்தில் எவனாவது அதைச் சுவரில் இருக்கிற சாக்கெட்டில் செருகினால் 230 வோல்ட் பாய்ஞ்சு காயில் கருகிடும். அந்தப் பிளக்கே வேண்டாம். கரண்ட் ஒயர் போற பைப்பிலும் இதை நுழைக்காதீங்க.

எங்க மைக் செட்காரருக்கு இப்போ எழுபது தாண்டியாச்சு. யார் ஒயர் வாங்கி வந்தாலும் பேனாக்கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பார்ப்பார். சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிஞ்சா அது செம்பு முலாம் பூசின அலுமினியம். தடை அதிகம், சீக்கிரம் ஒடியும். "கடையிலேயே திருப்பிக் கொடுத்துட்டு வா, தம்பி" என்பார்.