வழிகாட்டியின் வரலாறு: தென்னிந்தியப் பறவை நோக்கல் பயணங்களில் உள்ளூர் அறிவின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மலை, காடு, கடற்கரை ஆகிய நிலங்களுக்கு வழிகாட்டியுடன் சென்று பறவைகளைக் காணும் பயணம் இன்று சுற்றுலாவின் ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. இதனை அண்மைக்கால வழக்கமாகக் கருதுவது பொதுவான போக்கு. எனினும், தென்னிந்தியப் பறவையியல் தொடக்கம் முதலே உள்ளூர் வழிகாட்டிகளைச் சார்ந்து வளர்ந்த துறையாகும். துப்பாக்கி, வலை, தொலைநோக்கி என ஆய்வுக் கருவிகள் மாறிய மூன்று கட்டங்களிலும் வழிகாட்டியின் அறிவு இன்றியமையாததாக இருந்ததையும், அதற்குரிய ஏற்பு ஒரே அளவில் கிடைக்காததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பறவை நோக்கல், வழிகாட்டி, ஜெர்டன், கோடியக்கரை, வாழச்சால், வட்டாரப் பெயர்கள்.

முன்னுரை

நிலத்தையும் அதில் வாழும் பறவையையும் இணைத்துக் காண்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. திணைக் கோட்பாட்டில் புள் ஒரு கருப்பொருள். குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் கானக்கோழியும், நெய்தலுக்குக் கடற்காகமும் உரியனவாகச் சொல்லப்படுகின்றன. எந்தப் பறவை எந்த நிலத்தில், எப்பொழுதில் காணக்கிடைக்கும் என்னும் இவ்வறிவே இன்றைய வழிகாட்டியின் முதலீடும் ஆகும். இவ்வறிவை உடையோர் நவீனப் பறவையியலின் வரலாற்றில் எங்கே இடம்பெறுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

துப்பாக்கிக் காலம்: பெயர்கள் தரும் சான்று

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1839ஆம் ஆண்டு முதல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் தீபகற்ப இந்தியப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டார். நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான் முதலிய மலைப் பறவைகளை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் இவரே. பின்னர் 1862 முதல் 1864 வரை வெளிவந்த இவரது ‘இந்தியப் பறவைகள்’ நீண்டகாலம் அடிப்படை நூலாக விளங்கியது.

அக்காலத்தில் ஒரு பறவையை அறிவது என்பது அதனைச் சுட்டு, தோலுரித்துப் பாடம் செய்வதாகும். அதற்கு முன் அதன் இருப்பிடத்தை அறிந்த ஒருவர் தேவை. காலனிய நூல்களில் இத்தகையோர் பெரும்பாலும் ‘ஷிகாரி’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். எனினும் ஜெர்டனின் நூலிலேயே அவர்களைக் காணும் வழியொன்று உண்டு. பல பறவைகளுக்கு அறிவியல் பெயருடன் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானிப் பெயர்களையும் அவர் தந்துள்ளார். அவ்வாறு பதிவான ஒவ்வொரு தமிழ்ப்பெயரும் எங்கோ ஒரு களத்தில் நிகழ்ந்த உரையாடலின் எச்சமாகும். ஒருவர் பறவையைக் காட்டிப் பெயர் சொல்லியிருக்கிறார். மற்றொருவர் அதனை எழுதிக்கொண்டிருக்கிறார். சொன்னவரின் பெயர் ஏட்டில் இல்லாவிடினும், அவர் சொன்ன சொல் நிலைத்திருக்கிறது. ஆகவே வட்டாரப் பெயர்களை வெறும் மொழிச் செய்திகளாகக் கொள்ளாமல் வரலாற்று ஆவணங்களாகவும் வாசித்தல் தகும்.

இதன் பயனை ஜெர்டனின் பெயர் தாங்கிய பறவையே மெய்ப்பிக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரப் புதர்க்காடுகளில் அவர் கண்டறிந்த ‘ஜெர்டன் கோர்சர்’ 1848இல் அறிவியல் பெயர் பெற்றது. 1900ஆம் ஆண்டுக்குப்பின் அது பதிவாகவில்லை. அழிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். 1986இல் கடப்பை மாவட்டத்தில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வுக்குத் துணைநின்ற உள்ளூர் வேடர் ஒருவரே அதனை இரவில் பிடித்துத் தந்தார். தெலுங்கில் அதற்குக் ‘கலிவிக் கோடி’ என்னும் பெயர் வழங்கிவந்தது. கலிவி என்பது களா இனத்தைச் சேர்ந்த முட்புதர். கோடி என்பது கோழி. பறவை எவ்வகைப் புதரிடையே வாழும் என்பதை அப்பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. அறிவியலுக்கு அது காணாமற்போயிருந்த 86 ஆண்டுகளிலும் பேச்சுவழக்கில் அதற்கு ஒரு பெயர் இருந்தது.

வலைக் காலம்: கோடியக்கரை

1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் பறவை வலசை ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 1957இல் கர்நாடகத்தில் அடையாளம் காணப்பட்ட கியாசனூர்க் காட்டு நோயைப் போன்றவற்றின் பரவலில் வலசைப் பறவைகளுக்குப் பங்குண்டா என்னும் ஐயம் இதற்கு ஒரு காரணம். சாலிம் அலி வழிநடத்திய இப்பணியில் பறவையைக் கொல்லாமல் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவிக்க வேண்டியிருந்தது. உவர்ச் சதுப்பும் உப்பளமும் உலர் பசுமைக்காடும் ஒருங்கே அமைந்த கோடியக்கரை இத்தகைய ஆய்வின் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று. 1967இல் அது விலங்குகள் சரணாலயமாகவும், 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

உயிருடன் காயமின்றிப் பிடிக்கும் திறன் அன்று வேட்டைக் குடிகளிடமே இருந்தது. பீகாரின் மீர்ஷிகார் மரபில் வந்த அலி உசேன் இக்கழகத்தின் பணியில் பல்லாண்டு ஈடுபட்டு, கண்ணி வைக்கும் மரபுநுட்பத்தை ஆய்வுக்குப் பயன்படுத்தினார். முந்தைய கட்டத்தின் பெயரற்ற ஷிகாரியோடு ஒப்பிட, இங்கே கலைஞரின் பெயர் ஆவணத்தில் ஏறியது குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

ஆயினும் இதே காலத்தில் ஒரு முரண் உருவாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவை பிடித்தலைக் குற்றமாக்கியது. பறவைகள் காக்கப்பட அச்சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வாளரின் பணியில் ‘நுட்பம்’ எனப் போற்றப்பட்ட அதே செயல், ஆய்வுக்கு வெளியே நின்ற வேட்டைக் குடிக்குத் தண்டனைக்குரியதாயிற்று. பிழைப்பு தடைப்பட்டபோது அதனோடு பிணைந்த அறிவைப் பிறிதொரு வழியில் பயன்படுத்தும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைத்தது.

தொலைநோக்கிக் காலம்: காட்டில் புதிய பணி

அவ்வாய்ப்பு எவ்வாறு அமையலாம் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் சான்று தருகின்றன. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் சாலிம் அலி பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். அவர் பாராட்டிய தட்டேக்காடு 1983இல் சரணாலயமாயிற்று. இன்று அங்கு வருவோர் பெரிதும் விரும்புவது தவளைவாயனை. பகலில் காய்ந்த இலைக்கொத்தைப்போல் அசையாதிருக்கும் அப்பறவையை, அது வழக்கமாக அமரும் கிளையை அறிந்தவரன்றிப் பிறர் காண்பது அரிது. பயணி செலுத்தும் கட்டணம் உண்மையில் அந்தக் கிளையைப் பற்றிய அறிவுக்கே உரியது.

வாழச்சால் வனப்பகுதியில் வாழும் காடர் குடியின் அனுபவம் இன்னும் ஆழமானது. இருவாச்சியின் பெட்டை மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் கொணரும் இரையே அதற்கும் குஞ்சுக்கும் உணவு. எனவே ஓர் ஆண் கொல்லப்பட்டால் குடும்பமே அழியும். முன்பு குஞ்சுகளை உணவுக்காக எடுத்த காடர், இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அப்பொந்துகளைக் கண்காணித்துக் காக்கும் பணியில் ஈடுபட்டு வருகின்றனர். குஞ்சை எடுக்கவும் காக்கவும் பொந்து இருக்குமிடம் தெரிய வேண்டும். அறிவு மாறவில்லை, அதன் பயன் மாறியது.

ஏற்பின் வினா

தொலைநோக்கிக் காலத்திலும் பழைய இடைவெளி முற்றிலும் நீங்கவில்லை. பயணி காணும் பறவைகளின் பட்டியல் இணையப் பதிவேட்டில் அவர் பெயரிலேயே நிற்கிறது. வழிகாட்டியைக் குறிப்பிடுவது பதிவிடுபவரின் விருப்பத்தைப் பொறுத்தது. நாளை இத்தரவுகளைக் கையாளும் ஆய்வாளர், ஜெர்டனின் பட்டியலில் நாம் எதிர்கொள்ளும் அதே மௌனத்தை எதிர்கொள்ள நேரும்.

மாற்று வழியும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியில் கண்டறியப்பட்ட புதிய பறவையினத்தை 2006இல் ரமணா ஆத்ரேயா விவரித்தார். பறவையைக் கொல்லாமல், உதிர்ந்த இறகுகளையும் ஒளிப்படங்களையும் கொண்டே விவரிப்பு அமைந்தது. அங்கு வாழும் புகுன் மக்களின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கண்டவரின் பெயரைத் தாங்கும் வழக்கத்திலிருந்து, நிலத்துக்குரியோரின் பெயரைத் தாங்கும் வழக்கத்திற்கு இது ஒரு நகர்வு.

முடிவுரை

பறவை நோக்கல் பயணத்தின் வரலாறு கருவிகளின் வரலாறாகவும், கருவி ஏந்தியோரின் வரலாறாகவுமே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. கருவிகள் மாறியபோதும் முன்னே நடந்தவர் உள்ளூர் மனிதரே. அவரை வரலாற்றில் இடம்பெறச் செய்ய, வட்டாரப் பெயர்களைச் சொன்னவரின் பெயருடன் திரட்டுதல், களப்பதிவுகளில் வழிகாட்டியின் பெயரைக் கட்டாயமாக்குதல் ஆகிய இரண்டும் உடனடியாக இயலக்கூடியவை. முதியோரோடு மறையும் பறவைப் பெயர்கள் பின்னர் எந்த ஆவணக்காப்பகத்திலும் கிட்டா. ஆதலின் இப்பணி காலம் தாழ்த்தத் தக்கதன்று.